ஆரின் டெஸ்கி புல்லை வெட்டினான்

அமெரிக்காவில் எங்கள் கவுண்டியில் விதைத்தால் நஷ்டம், விதைக்காமல் விட்டால் அரசாங்கப் பணம். காட்டுக்கோழி முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கட்டும் என்று நிலத்தைப் பத்து வருஷம் புல்லுக்கு விட்டுவிட வேண்டும். மே முதல் ஜூலை வரை அதில் கத்தி படக் கூடாது. பணம் வாங்குகிறவர்களைக் கண்காணிக்க ஒரு கமிட்டி. அதன் தலைவர் வெண்டெல் கிராஸ், மனைவி பெயரிலும் மகன் பெயரிலும் அதே பணத்தை வாங்குகிறவர். வெட்கம் என்பதெல்லாம் சின்ன விவசாயிகளுக்குத்தான்.

என் பக்கத்து வயல்காரன் ஆரின் டெஸ்கி அப்படிச் சின்னவன். நூற்றறுபது ஏக்கர், அதுவும் மணல். நிலத்தின் வங்கித் தவணை அந்தப் பணத்தில்தான் போனது. அது நின்றால் நிலம் போய்விடும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆரின் திருத்தமானவன். வேலிக்கம்பி தொய்ந்தாலே அவனுக்குத் தூக்கம் வராது. எங்கள் ஊரில் களை மண்டிய வயல் என்றால் குடிகாரன் வயல் என்று அர்த்தம்.

ஏழு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். தினமும் காலையில் தானியக் கிடங்கில் காப்பி குடிக்கக் கூடுவோம். அங்கே அவன் வயல்தான் எங்களுக்குப் பலகாரம்.

"ஏம்ப்பா ஆரின், உன் வயல்ல நரி குட்டி போட்டிருக்காமே. உங்கப்பா இருந்திருந்தா வெளிய தலைகாட்டுவாரா?" என்றார் வெண்டெல்.

நான் சும்மா இருந்தேனா? "முள்ளு விதையெல்லாம் பறந்து வந்து என் சோயாவுல விழுது. ஒரு நடை வந்து புடுங்கிட்டுப் போயேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆரின் சிரிக்கவில்லை.

மே மாதக் கடைசியில், செத்தவர்களுக்குப் பூ வைக்கும் கல்லறை நாள். வெளியூர்ச் சொந்தமெல்லாம் பூச்செடியோடு வந்து இறங்கும். கல்லறைத் தோட்டத்தை ஒட்டினாற்போல ஆரினின் வயல். அவன் அப்பாவின் கல்லுக்குப் பின்னால் இடுப்பளவு களை நின்றது. அதற்கு முந்தின சனிக்கிழமையே ஆரின் டிராக்டரை எடுத்து மொத்த வயலையும் வெட்டித் தள்ளிவிட்டான். பணத்துக்காக விதியை மீறுகிறவர்கள் உண்டு. மானத்துக்காக மீறிய முட்டாள் இவன் ஒருவன்தான்.

கல்லறை நாளில் வெண்டெல் அவன் கையைக் குலுக்கி, "இப்பதான் பாக்க லட்சணமா இருக்கு" என்றார். அடுத்த மாதம் அதே கையால் ஆரினின் பணத்தை ரத்துச் செய்யும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். ஏழு வருஷப் பணத்தையும் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். ஆரின் கமிட்டி முன்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றானாம். "சட்டம்னு ஒண்ணு இருக்கே ஆரின், நான் என்ன பண்ணட்டும்?" என்று உச்சுக் கொட்டினாராம் அந்த யோக்கியர்.

இலையுதிர்காலத்தில் நிலம் விலைக்கு வந்தது. வாங்கியவர் யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா? மறுபடி அதைப் புல்லுக்கு விட்டுவிட்டு வெண்டெல் பணம் வாங்குகிறார்.

அடுத்த கல்லறை நாளில் ஆரின் டவுன் வாடகை வீட்டிலிருந்து வந்தான். அப்பாவின் கல்லைச் சுற்றிக் கைக்கத்தரியால் புல்லை வெட்டினான். வேலிக்கு அந்தப் பக்கம் களை நெஞ்சளவு நின்றது. பக்கத்தில் போய் நின்றேன்.

அவன் நிமிரக்கூட இல்லை. "விதை இன்னும் உன் சோயாவுலதானே விழுது? வெண்டெல்ட்ட சொல்லேன்" என்றான்.

மறுநாள் காலை காப்பிக்குப் போனேன். வெண்டெல் எனக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தார். நான் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.