கடவு விளக்கு

புறங்கையை ப்யூஸ் கட்டையின் மேல் வைத்துப் பார்த்த பிறகுதான் சிகாபுதீன் சாயா கிளாஸைத் தொடுவார். சாயாவுக்கும் அதே மரியாதைதான். முதலில் புறங்கை, அப்புறம் உதடு. மகளின் நெற்றி, அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி, வெயிலில் நின்ற சைக்கிள், எதுவானாலும் புறங்கைதான். "உள்ளங்கையில கரண்டு புடிச்சா விடாது. புறங்கைன்னா தானே உதறிக்கும். படைச்சவன் அறிஞ்சுதான் வச்சிருக்கான்" என்பார். அவர் மனைவி ஜுமைலாவுக்கு இதில் ஒரு குறை உண்டு. "நிக்காஹ் அன்னைக்கு என் கன்னத்தையும் புறங்கையாலதான் தொட்டுப் பார்த்தாரு. நான் என்ன ப்யூஸா?" என்று அண்டைவீட்டுப் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

மட்டாஞ்சேரி பஜாருக்குப் பின்னால், மிளகுக் கிடங்குகள் காயலில் கால் நனைத்து நிற்கிற இடத்தில், ஒரு கம்பெனியின் கடவில், அதாவது படகுத்துறையில், அவருக்கு வேலை. கிடங்கு விளக்கு, ஆபீஸ் விசிறி, தண்ணீர் பம்பு எல்லாம் அவர் பொறுப்பு. அதோடு விட்டிருந்தால் மனிதர் நிம்மதியாக இருந்திருப்பார். விட்டார்களா? அறுபத்து மூன்றாம் வருஷம் முதலாளி தன் மோட்டார் லாஞ்சின் அறையில் ஓர் ஏர்கண்டிஷன் பெட்டியைக் கொண்டுவந்து பொருத்தினார். கடவுக்காரர்கள் அன்றைக்கே அதற்குத் 'தணுப்புப் பெட்டி' என்று பேர் வைத்துவிட்டார்கள். லாஞ்சு ஓடும்போது அது வெறும் இரும்பு. கடவில் கட்டிப்போட்டு, கிடங்கிலிருந்து தடித்த கேபிள் இழுத்துக் கொடுத்தால்தான் உயிர் வரும். ஆகவே பம்பாய் விருந்தாளிகள் வந்தால் லாஞ்சு எங்கும் போகாது. கரையோரத்திலேயே நின்று அவர்களைக் குளிர்விக்கும்.

கிடங்குக்கு வருகிற கரண்டோ அளவானது. பெட்டி உறுமிக்கொண்டு கிளம்பினால் விளக்கெல்லாம் அழுது வடியும், ப்யூஸ் கட்டை சுடும். மற்ற கடவுகளில் கம்பியை இரட்டையாக முறுக்கிப் போட்டுவிட்டுக் காலை நீட்டிப் படுத்துவிடுவார்கள். இவர் மாட்டார். "உள்ளே பூரா சாக்கு. கம்பி உருகலேன்னா கிடங்கு எரியும், எந்தா சொல்றே?" என்பார். அதனால் பங்கு வைப்பார். பெட்டி ஓடினால் பம்பு ஓடாது. விருந்தாளிக்கு வியர்த்தால் குமாஸ்தா கல்யாணராமனின் விசிறி நிற்கும். கந்தூரிச் சோறு பங்கு வைக்கிறவரைப் போல எல்லோரிடமும் திட்டு வாங்குவார். 'கரண்டு தாசில்தார்' என்று கல்யாணராமன் வைத்த பேர் பஜார் முழுக்கப் பரவிவிட்டது.

இவ்வளவு கறாரான ஆசாமி ஒரே ஒரு இடத்தில் தவறினார்.

கடவின் படிகளுக்கு மேலே ஒரு பல்பு உண்டு. சரக்கு வள்ளங்கள் அந்தி மயங்கி வரும்போது அதைப் பார்த்துத்தான் படியை மட்டுக்கட்டும். பெட்டி மக்கர் பண்ணிய ஒரு மாலையில், விசிறியும் பம்பும் கிடங்கு விளக்கும் நிறுத்திய பிறகும் லாஞ்சிலிருந்து கூச்சல் நிற்கவில்லை. மிச்சம் எரிந்தது அந்தப் பல்பு ஒன்றுதான். அது எவ்வளவு தின்றுவிடும்? பெட்டியின் பசிக்கு அது ஒரு பருக்கை கூட இல்லை. இதைச் சிகாபுதீனை விட நன்றாக அறிந்தவர் அந்தக் கடவில் யாரும் இல்லை. ஆனாலும், தன்னால் ஆனதையெல்லாம் செய்துவிட்டேன் என்று காட்டுவதற்காக, அதையும் அணைத்தார். கூச்சல் அடங்கியது. பிறகு விருந்தாளி வரும்போதெல்லாம் அணைப்பது வழக்கமாகிவிட்டது.

பாலையா சரக்கு வள்ளத்தைக் கழியால் ஊன்றி ஓட்டுகிறவர். சுள்ளிக்கல்லில் வீடு. கடவில் வள்ளத்தைக் கட்டியதும் "சிகாபுதீனே, சாயா சொல்லியாச்சா?" என்று ஒரு குரல் விடுவார். ஒரு பழம்பொரியை இரண்டாகப் பிய்த்துத் தின்னுகிற சிநேகிதம். ஆடி மாதம், மழை மூட்டம், லாஞ்சில் விருந்து. பல்பு அணைந்திருந்த அன்று பாலையா மிளகு மூட்டைகளோடு வந்தார். படி தெரியவில்லை. அலை தூக்கி அடித்ததில் அவருடைய வலது கை வள்ளத்துக்கும் கருங்கல்லுக்கும் நடுவே போய்விட்டது. முதலில் தண்ணீரில் குதித்தவர் சிகாபுதீன்தான். தூக்கிக்கொண்டு ஓடும்போது பாலையா, "கரண்டு போச்சா?" என்று கேட்டார்.

"ஆமா, அண்ணே" என்றார் சிகாபுதீன்.

அந்த ஒரு வார்த்தை! பாவி மனிதர், அதை இன்றுவரை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கிடக்கிறார்.

பாலையாவின் வலது கையில் இப்போது கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான். கழி பிடிக்க முடியாது. தோப்பும்படியில் ஒரு மர டிப்போவுக்குக் காவல். ஆனால் சாயங்காலமானால் கடவுக்கு வந்துவிடுவார். கரண்டு பலகைக்கு எதிரே சாயாக்கடை பெஞ்சு, அதன்மேல் அந்தக் கையைப் பகிரங்கமாக வைத்துக்கொண்டு, "நண்டுக் கை பாத்தியா? குழப்பமில்ல, பரவால்ல, சாயா கிளாஸ் நிக்குது" என்று தானே கேலி பேசுவார். "கரண்டு போற நேரம் பாத்து நான் வந்து மாட்டினேன். என் நேரம், வேறென்ன" என்பார். சிகாபுதீன் வாயைத் திறப்பார். "அண்ணே, அன்னைக்கு..." என்று ஆரம்பித்து, "சாயாவுக்குச் சீனி போதுமா?" என்று முடிப்பார்.

"சொல்லித் தொலைங்க. அடிச்சா அடிக்கட்டும்" என்கிறாள் ஜுமைலா.

"அடிச்சா வாங்கிக்கலாம்டி. ஒண்ணும் பேசாம எந்திரிச்சுப் போயிட்டா?"

அந்த விளக்கை மட்டும் அவர் அதற்குப் பிறகு அணைப்பதில்லை. பட்டப்பகலிலும் எரியும்.

போன வாரம் மறுபடி பம்பாய் விருந்து. விசிறி நின்றது, பம்பு நின்றது. இத்தனையும் போதாமல் பெட்டி உறுமி உறுமி அடங்கியது. இருட்டிக்கொண்டு வந்தது. லாஞ்சின் ஜன்னல் வழியே தலையை நீட்டினார் கல்யாணராமன். "ஓய் சிகாபுதீன்! அந்தக் கடவு விளக்கையும் அணைச்சுத் தொலையும்! முன்னெல்லாம் ஆள் வந்தா நீர்தானே அணைப்பீர்? இப்ப என்னங்காணும் புதுப் பிடிவாதம்?"

பெஞ்சில் பாலையா இருந்தார். கிளாஸ் பாதி வழியில் நின்றது. அவர் பல்பைப் பார்த்தார். அதன் கீழே பலகையில் இருந்த சுவிட்சைப் பார்த்தார். சிகாபுதீனின் முதுகைப் பார்த்தார்.

சிகாபுதீன் திரும்பவில்லை. பலகையில் தணுப்புப் பெட்டியின் ப்யூஸ் கட்டையைப் பிடித்து வெடுக்கென்று பிடுங்கினார். புறங்கை வைத்துப் பார்க்கவில்லை. கொதிக்கிற கட்டையை உள்ளங்கையிலேயே இறுக்கிக்கொண்டு நின்றார். லாஞ்சில் பெட்டி ஓய்ந்தது. யார் யாரோ கத்தினார்கள். கடவு விளக்கு மட்டும் எரிந்தது. பின்னால் பெஞ்சு கிறீச்சிடுமா, காலடிச் சத்தம் படியிறங்குமா என்று அவருடைய காது இரண்டும் முதுகில் இருந்தன. எந்தச் சத்தமும் வராததால், கடைசியில் மெல்லத் திரும்பினார்.

பாலையா எழுந்திருக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை இடது கையால் எடுத்து, பெஞ்சின் மேலிருந்த வலது கையை மெதுவாக மூடிக்கொண்டார்.