கீழே பார்த்த குருவிகள்

எங்கள் வீட்டில் நான் எதையும் எறிய விடுவதில்லை. யோகட் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பேன். முட்டை மட்டைகள் அலுமாரிக்கு மேல் கூரை முட்ட அடுக்கியிருக்கும். கிழிந்த சீலைகளின் கரைகள் தனியாக ஒரு பையில் கிடக்கும். குப்பை லொறிக்காரர் ஒருநாள் உள்ளே எட்டிப் பார்த்தால் எங்களையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போய்விடுவார் என்று என் கணவர் பகிடி பண்ணுவார். ஆனால் அந்த முட்டை மட்டைகள் ரோசாப் பூக்களாகி வாசலில் தொங்கும்போது, வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடிப்பவரும் அவர்தான்.

லிங்கநகரில் எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டில் எந்தப் பண்டிகை வந்தாலும் சோடனை என் பொறுப்பு. நவராத்திரிக்குப் பழைய சீலைகளைக் கொசுவி மேடை கட்டுவேன். நத்தாருக்கு மூலை வீட்டுக்காரருக்கு மூங்கில் சிம்பில் பழைய பட்டத் தாள் ஒட்டி நட்சத்திரக் கூடு. வெசாக்குக்கு அலுவலகத்தில் என் பக்கத்து மேசையில் இருக்கும் சிங்களப் பெண்ணுக்கு யோகட் கோப்பைகளில் ஒரு விளக்குக் கூடு. சல்லிக் கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளைக் கோத்து யன்னலுக்குத் தொங்கல். காசு கொடுத்து வாங்குவது பசையும் நூலும் மட்டும்தான். கடையில் பச்சைப் பிளாஸ்டிக்கில் மாவிலை வாங்கி மாட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பின்வளவில் மாமரம் சடைத்து நிற்கும், இவர்கள் முன்வாசலில் பிளாஸ்டிக் இலைக்குத் தூசு தட்டிக்கொண்டிருப்பார்கள்.

இவ்வளவு வாய் பேசுகிற எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒன்றை அது இருந்தபடி விடமாட்டேன். எல்லாரும் செய்வது போலச் செய்தால் எனக்குச் செய்தது மாதிரியே இராது. அதில் என் கைச்சரக்கு ஏதாவது சேர்ந்திருக்கவேண்டும். அந்தக் குணத்தால் ஒரு பொங்கலுக்கு நான் செய்த வேலையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

முன்வீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. அவரை அண்ணை என்பேன், மனைவியை அக்கா என்பேன். அண்ணை துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பகிடி இல்லாமல் ஒரு வசனம் பேசத் தெரியாதவர். நான் எதையாவது வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தால் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தங்கச்சி, உனக்குப் பயந்து நான் சேட்டைக் கொடியில காயப் போடுறதில்லை. நாளைக்கு அது பூவா வந்திடும்" என்பார்.

அவருக்கு ஈரலில் புற்றுநோய் என்று கண்டுபிடித்து, மாதக் கணக்காகக் கொழும்பில் வைத்து மருத்துவம் பார்த்தார்கள். கடைசியில் மார்கழி மாதம், இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்கு விளங்கியது. அண்ணைக்கும் விளங்கியது. அக்கா மட்டும் சுகமாகித்தான் விட்டிருக்கிறார்கள் என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். யாரும் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேச யாருக்கு மனம் வரும்?

பொங்கலுக்குச் சில நாட்களுக்கு முன் அக்கா என்னிடம் வந்தார்.

"போன முறை ஆஸ்பத்திரியும் அலைச்சலுமா நாங்கள் பொங்கேல்லை. அதாலதான் வருத்தம் இவ்வளவுக்கு முத்தினது எண்டு என்ர மனம் சொல்லுது, பிள்ளை. இந்த முறை ஒரு குறையும் இல்லாமல் பொங்கினா, இந்த வருசம் அவருக்கு ஒண்டும் வராது. பொங்கலை நான் பாக்கிறன். சோடனையை நீதான் பாக்கவேணும்."

"நீங்க யோசியாதேங்கோ அக்கா. ஒழுங்கையே நிண்டு பாக்கிற மாதிரிச் செய்து தாறன்" என்றேன். அக்கா தன் கணவரின் உயிரை அந்தப் பொங்கலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என் மனம் ஓடியது சோடனையின் பக்கம்தான்.

அவர்கள் வளவில் இரண்டு தென்னைகள் நிற்கின்றன. குருத்தோலை வெட்டுவித்துத் தோரணம் கட்டுவதென்று முடிவு செய்தேன். தோரணம் பின்னுவது எங்கள் பக்கத்தில் ஆண்களின் வேலை. நான் அதுவரை பின்னியதில்லை. கோயில் திருவிழா முடிந்து நிலத்தில் கிடந்த ஒன்றை முன்பு ஒருமுறை எடுத்து வந்து, பிரித்துப் பிரித்துப் பார்த்துப் பழகியிருந்தேன். ஓலையை மடித்து, கிழித்து, சொருகிக்கொண்டு போனால் சின்னச் சின்னக் கூர்மூக்குகள் வரும். அவற்றைக் குருவித் தலை என்பார்கள். கை படிந்ததும் அது ஒரு பைத்தியம் போலப் பிடித்துக்கொண்டது. அலுவலகத்தால் வந்து தேத்தண்ணிகூடக் குடிக்காமல் பின்னினேன்.

பொங்கலுக்கு முதல்நாள் பின்னேரம் அவர்கள் முற்றத்தில் நான்கு மூலைக்கும் தடி நட்டு, கயிறு கட்டினேன். முதல் தோரணத்தைத் தொங்கவிட்டபோது குருவிகள் வானத்தைப் பார்த்தன. அது எனக்குப் பிடிக்கவில்லை. பொங்குவது கீழே, பானை கீழே, இந்தக் குருவிகளுக்கு மேலே என்ன வேலை? கழற்றி, மறுபக்கமாகக் கட்டினேன். இப்போது எல்லாக் குருவிகளும் பொங்கல் கொத்த வந்தது போலப் பானை வைக்கும் இடத்தைக் குனிந்து பார்த்தன. அதைக் கண்டதும் எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல ஏலாது. இப்படி யாருக்காவது தோன்றியிருக்குமா என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். எல்லாத் தோரணங்களையும் அப்படியே கட்டிவிட்டு, இருட்டுப்பட வீட்டுக்கு வந்தேன். அண்ணை உள்ளே படுத்திருந்தார். அக்கா குசினியில் பயறு வறுத்துக்கொண்டிருந்தார்.

விடியக் கோலம் போடுவதற்காகப் போனேன். இரவு தூறிய மழையில் மண் ஈரமாக இருந்தது. பின்பக்கம் கிணற்றடியில் அக்கா குளிக்கிற சத்தம் கேட்டது. முன்கதவு திறந்து அண்ணை வந்தார். தலையைச் சுற்றித் துவாய், தோளில் போர்வை, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து கதிரையில் இருந்தார். இருந்தவர் தோரணத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பாராட்டு வரும் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"தங்கச்சி, இது எனக்கோ?" என்றார்.

"ஓம் அண்ணை, உங்களுக்காகத்தான் பாத்துப் பாத்துக் கட்டினனான்."

அவர் சிரித்தார். சிரித்து, இருமி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் சிரித்தார். "கெட்டிக்காரி. ஒரு கிழமையாவது பொறுத்திருக்கலாம்."

எனக்கு விளங்கவில்லை. முழித்துக்கொண்டு நின்றேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"குருவி மேல பாத்தா நல்ல காரியம். கீழ பாத்தா செத்த வீடு. நீ கட்டி வைச்சிருக்கிறது செத்த வீட்டுத் தோரணம் பிள்ளை."

கோலமாவுக் கிண்ணம் கையிலிருந்து நழுவிவிட்டது. எத்தனை செத்த வீடுகளுக்குப் போயிருக்கிறேன்! நாங்கள் பெண்கள் குனிந்த தலையோடு உள்ளே போய் அழுதுவிட்டு, குனிந்த தலையோடு திரும்பி வருவோம். வாசலில் என்ன தொங்குகிறது, அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒருநாள் நிமிர்ந்து பார்த்ததில்லை. யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் என் கெட்டித்தனம் குறைந்துபோய்விடும் என்று கேட்கவில்லை. இப்போது, சாகப்போகிறார் என்று ஊரே அறிந்த ஒரு மனிதரின் முற்றத்தில், உயிரோடு இருக்கும்போதே, அவர் கண் முன்னால் அதைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

"ஐயோ அண்ணை" என்று அழத் தொடங்கினேன்.

"அழுறதைப் பிறகு அழலாம். அவ குளிச்சிட்டு வாறதுக்குள்ள மாத்திப்போடு. அவ கண்டாவெண்டா உயிரோட செத்துப்போவா."

நான் ஓடி ஓடி அவிழ்த்தேன். ஈரக் கயிறு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தேன். அவர் இருந்த இடத்திலிருந்தே ஒவ்வொன்றாக வாங்கி, மடியில் வைத்து, திருப்பித் திருப்பித் தந்தார். நடுவில், "பின்னல் நல்லா இருக்கு. அந்த நேரம் வரேக்க உன்னட்டையே சொல்லலாம்" என்று வேறு சொன்னார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். கடைசி முடிச்சைப் போட்டதும், "இது உனக்கும் எனக்கும்தான் தெரியும். நான் போனபிறகும் அவவுக்குச் சொல்லாதை" என்றார்.

அக்கா ஈரத் தலையோடு அவசரமாக வந்தார். முற்றத்தைப் பார்த்தார். தோரணங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "வடிவா இருக்கு பிள்ளை" என்றார். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. அக்கா சின்னப் பிள்ளை போலக் கை தட்டினார். அண்ணை இரண்டு வாய் சாப்பிட்டார். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

மாசி முடிவதற்குள் அண்ணை போய்விட்டார்.

நான் படித்தவள். ஓலை எந்தப் பக்கம் பார்த்தால் என்ன, ஈரலில் வந்த நோய்க்கு ஓலையா காரணம் என்று எனக்கு நானே எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். அந்தச் சமாதானம் கொஞ்ச நேரம்தான் நிற்கும். துணி தோய்க்கிற நேரம், பஸ்சுக்கு நிற்கிற நேரம் சும்மா நினைவு வந்து குத்தும். செத்த வீட்டன்று பெடியங்கள் அவர் வாசலில் தோரணம் கட்டியிருந்தார்கள். முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தேன். எல்லாக் குருவிகளும் கீழே பார்த்தன. என்னால் அதற்குக் கீழால் போக முடியவில்லை. வேலியோரமாகச் சுற்றிப் பின்பக்கத்தால் உள்ளே போனேன்.

ஒரே ஒரு ஆறுதல் மட்டும் என்னிடம் இருந்தது. அவர் சிரித்தார். அதை ஒரு பகிடியாகத்தான் எடுத்தார். இந்தச் சகுனம் சாத்திரம் எல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. நினைவு வந்து குத்தும்போதெல்லாம் அந்தச் சிரிப்பைத்தான் பிடித்துக்கொண்டேன்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் போனபின் அக்காவும் நானும் குசினியில் இருந்தோம். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நிலத்தில் கால் நீட்டினோம். அக்கா ஒரு தட்டில் வடையும் தேத்தண்ணியும் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார். பிறகு, வேறு எதையோ கதைப்பது போல மெதுவாகச் சொன்னார்.

"பொங்கலுக்கு முதல்நாள் நீ கட்டினதை நான் யன்னலாலை பாத்தனான்."

நான் எடுத்த வடையைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன்.

"நீ போனபிறகுதான் கண்டனான். உன்னைக் கூப்பிட்டுச் சொன்னா அவருக்கும் கேட்டிடும். சந்தோசமாச் செய்துபோட்டுப் போறாய், உன்ர முகத்தைப் பாத்துச் சொல்லவும் எனக்கு மனம் வரேல்லை. இரவே கழட்டப் போனா என்ன செய்யிறாய் எண்டு கேப்பார், அதால கதவைச் சாத்தி அவரை வெளியில விடாமல் வைச்சிருந்தன். விடியக் குளிச்சிட்டு நானே கழட்டுவம் எண்டுதான் ஓடி வந்தனான். வந்து பாத்தா எல்லாம் சரியா இருக்கு. நீயே கண்டு மாத்திப்போட்டியோ?"

"ஓம் அக்கா" என்றேன். "எனக்குத் தெரியாமல் செய்துபோட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"சீ, அதுக்கென்ன, தெரியாமல்தானே செய்தனீ." அக்கா சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர் பாத்தவரோ?" என்று கேட்டார்.

அக்காவின் கை தண்ணீரில் ஊறிக் குளிர்ந்திருந்தது. அந்த ஒரு கேள்வியைப் பொங்கலிலிருந்து இவ்வளவு நாளும் அவர் மனதில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று தெரிந்தது.

"இல்லை அக்கா. அவர் வெளியில வர முதலே நான் மாத்திப்போட்டன்."

அக்கா நீளமாக ஒரு மூச்சு விட்டார். முகம் அப்படியே இளகிப்போனது.

"நல்ல காலம், பிள்ளை. வாயால பகிடி விடுவாரே ஒழிய, அந்த மனுசன் இதுகளை அப்பிடி நம்புறவர். வேலைக்கு வெளிக்கிடேக்க ஆரும் தும்மினாக்கூடத் திரும்பி வந்து, இருந்து, தண்ணி குடிச்சிட்டுத்தான் போவார். அதைக் கண்டிருந்தாரெண்டா அண்டைக்கே மனம் விட்டுப்போயிருப்பார்."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று அவர் எனக்காகச் சிரித்திருக்கிறார்.

"என்ன பாத்துக்கொண்டிருக்கிறாய், ஆறப்போகுது, சாப்பிடு" என்று அக்கா இன்னொரு வடையை எடுத்து வைத்தார். நான் சாப்பிட்டேன்.