இளைத்தபோது எல்லாரும் வாழ்த்தினார்கள்

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது என் வளையல்கள் இரண்டும் தாமாகவே நழுவி சிங்க்கில் விழுந்தன. சோப்புப் போட்டு இழுத்தாலும் கழலாத வளையல்கள் அவை. அன்றைக்கே நான் பயந்திருக்க வேண்டும். ஆனால் சந்தோஷப்பட்டேன். ஈரக்கையோடு ஓடிப்போய்க் கணவரிடம் காட்டினேன்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. கிள்ளானில் ஒரு சரக்கு நிறுவனத்தில் வேலை. பள்ளியில் படிக்கும்போதே குண்டு. எங்கள் வீட்டு வரிசையில் மூன்று விஜயாக்கள் இருந்ததால், ‘குண்டு விஜயா வீடு’ என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். அதற்கெல்லாம் கோபப்பட்டால் பிழைக்க முடியாது. நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன்.

அது தைப்பூச விரத காலம். ஆண்டுதோறும் பத்துமலை முருகன் கோயிலில் பால்குடம் எடுப்பேன். அசைவம் கிடையாது, ஒரு வேளைச் சாப்பாடுதான். அதனால் இளைத்ததை விரதத்தின் பலன் என்றே நினைத்தேன். கோயிலில் பார்த்தவர்களும் அதையே சொன்னார்கள்.

“முகமே சின்னதாயிருச்சே விஜயா. முருகன் ஒனக்கு நல்லாவே கொடுத்திருக்கான்” என்றார் பக்கத்து வீட்டு ஆன்டி.

பூசம் முடிந்தது. விரதமும் முடிந்தது. மறுநாள் ஆசையாகத் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் வாங்கினேன். நாலு வாய் சாப்பிடுவதற்குள் வயிறு முட்டிக்கொண்டது. அடுத்த வாரமும் அப்படியே. கையும் கழுத்தும் கன்னமும் வற்றிக்கொண்டே போக, வயிறு மட்டும் முன்னால் வந்தது. ரவிக்கை தொளதொளத்தது, பாவாடை நாடாவோ முடிச்சுப் போட எட்டவில்லை. அப்போதுதான் முதன்முதலாகப் பயந்தேன்.

அரசாங்க கிளினிக்குக்குப் போனேன். இளம் டாக்டர், நம் தமிழ்ப் பையன்தான். கணினியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“வெயிட் கொறைஞ்சிருக்கே ஆன்டி, குட் லா. டயட்டா?”

“விரதம் இருந்தேன் டாக்டர். ஆனா அது முடிஞ்சிருச்சு. இப்பவும் கொறையுது. சாப்பிட முடியல. வயிறு மட்டும் பெரிசாவுது.”

“வயித்துக் கொழுப்பு கடைசியாத்தான் போகும் ஆன்டி. விடாம கன்டினியூ பண்ணுங்க. சாயங்காலம் நடங்க.”

சாப்பாட்டுத் தட்டைக் கால் பங்கு, கால் பங்கு, அரைப் பங்கு என்று பிரித்துக் காட்டும் படம் ஒன்றைத் தந்தார். கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், அரைப் பங்கு காய்கறி. அந்தப் படம் என்னிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. முட்டி வலிக்குப் போனபோது தந்தார்கள். காது வலிக்குப் போனபோதும் தந்தார்கள். ‘சாப்பிடவே முடியவில்லை’ என்று சொன்னவளுக்கும் அதே படம்தான்.

அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. வெளியே அவ்வளவு கூட்டம். எடை எனக்கு உண்மையிலேயே ஒரு தொல்லைதான், சர்க்கரையும் இருக்கிறது. ஆனால் என்னைப் போன்றவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. டாக்டர் அறைக்குள் நுழையும்போதே குற்றவாளியாக நுழைவோம். சீக்கிரம் வெளியே வந்தால் போதும் என்று தலையாட்டிவிடுவோம். நானும் தலையாட்டினேன்.

மூச்சு வாங்க ஆரம்பித்ததும் மறுபடி போனேன். இந்த முறை வேறு டாக்டர், ஒரு பெண். வாயுத் தொல்லை என்று மாத்திரை எழுதினார். “எடை குறைந்தால் மூச்சு வாங்குவது தானாகச் சரியாகும்” என்று மலாய் மொழியில் சொன்னார். எடைதான் குறைந்துகொண்டே இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

என் கணவர் ரவி துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். அன்று தட்டில் நான் மிச்சம் வைத்த சோற்றைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“அவங்க ஒன்னோட வயித்தத் தொட்டுப் பாத்தாங்களா?”

“இல்ல.”

“ரெண்டு தடவையுமா?”

“ரெண்டு தடவையும்தான்.”

“லோரிய மெக்கானிக்கிட்ட விட்டாக்கூட பானெட்டத் தொறந்து பாப்பான் லா” என்றார். சொல்லிவிட்டு எழுந்து போய் நெடுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தார். அவரும் பயந்துவிட்டார் என்று தெரிந்தபோது என் பயம் இரண்டு பங்கானது.

அந்தச் சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போனோம். அவர்கள் அடுக்குமாடிக்குக் கீழே ஒரு தனியார் கிளினிக். வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைப் பாடம் செய்துகொண்டே வந்தேன். உள்ளே போனதும், உட்காருவதற்கு முன்பே, ஒப்பிப்பதுபோலச் சொல்லிவிட்டேன்.

“டாக்டர், என் எடைய கொஞ்ச நேரம் மறந்துருங்க. ஒல்லியா ஒருத்தங்க இதே தொந்தரவோட வந்தா என்ன செய்வீங்களோ, அத எனக்கும் செய்ங்க.”

அந்த டாக்டர் அம்மாவுக்கு என் வயது இருக்கும். என்னை ஒரு கணம் ஏற இறங்கப் பார்த்தார். “ஒல்லியா இருந்தா மொதல்ல படுக்க வச்சு வயித்தப் பாப்பேன். படுங்க” என்றார்.

கட்டில் குறுகலானது. உடைந்துவிடுமோ என்று ஒருக்களித்துப் படுத்தேன். “பரவால்ல, நேரா படுங்க” என்று அவரே என்னைத் திருப்பினார். இரண்டு கைகளையும் வைத்து மெதுவாக அழுத்தினார். இடப்பக்கம், வலப்பக்கம், தொப்புளுக்கு மேலே. பிறகு கை ஓரிடத்தில் நின்றது.

“இங்க கை வைங்க” என்று என் கையைப் பிடித்து விலா எலும்புக்குக் கீழே வைத்தார். உள்ளே கெட்டியாக ஒரு விளிம்பு தட்டுப்பட்டது. தேங்காய் அளவெல்லாம் இல்லை, அதைவிடப் பெரியது. “இது கொழுப்பு இல்லம்மா” என்றார்.

நான் தினமும் சோப்புப் போட்டுக் குளிக்கும் வயிறு அது. வெட்கப்பட்டு வெட்கப்பட்டு நானே அதை ஒழுங்காகத் தொட்டதில்லை.

அல்ட்ராசவுண்டில் (ஒலி அலைகளைக் கொண்டு உள்ளுறுப்புகளைப் பார்ப்பது) ஓவரியில் (சினைப்பையில்) கட்டி என்று தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே என் கட்டிலைச் சுற்றி ஐந்தாறு பேர் நின்று, மயக்க மருந்து கொடுப்பதில் உள்ள ஆபத்தை ஆங்கிலத்தில் விவாதித்தார்கள். என் எடையைச் சொன்னார்கள், கழுத்தின் பருமனைச் சொன்னார்கள். பெயரை யாரும் சொல்லவில்லை. எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

“டாக்டர், இது கேன்சரா?” என்று நானும் ஆங்கிலத்தில் கேட்டேன்.

“எடுத்துப் பாத்தாத்தான் சொல்ல முடியும், புவான் விஜயா” என்று மரியாதையாகப் பெயர் சொல்லிப் பதில் தந்தார் அவர்களில் மூத்தவர். பொய்யான ஆறுதல் சொல்லாததற்காக அவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் அந்த இரவுகளில் எனக்கு இருந்தது பயம் மட்டும்தான். சாமி பெயர்கூட வாயில் வரவில்லை. விரதம் இருந்து இளைத்தேன் என்று ஊரெல்லாம் பெருமை பேசினேனே என்றுதான் திரும்பத் திரும்ப நினைத்தேன்.

அறுவைச் சிகிச்சை முடிந்து, பயாப்சி (எடுத்த கட்டியைச் சோதிப்பது) முடிவுக்குக் காத்திருந்த வாரங்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பில்லை. முடிவில் அதை ‘பார்டர்லைன்’ (புற்றுநோய்க்கும் சாதாரணக் கட்டிக்கும் நடுவில் நிற்பது) என்றார்கள். முழுதாக எடுத்துவிட்டார்கள். திரும்பி வரலாம், வராமலும் இருக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொன்னார்கள்.

கட்டி போனதும் நான் பாதியாகிவிட்டேன். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் துணி எடுக்கப் போனபோது பழைய தோழி ஒருத்தி பார்த்துவிட்டு, “செம்மையா எளைச்சிட்ட லா, என்ன சாப்புடுற, எனக்கும் சொல்லு” என்றாள். நடுத்தெருவில் நின்று சிரித்து வைத்தேன். அன்று இரவு கால்வயிறு சாப்பாடுகூட இறங்கவில்லை. ரவிக்கை தொளதொளத்தால் எனக்கு இப்போது பயம் வந்துவிடுகிறது. கண்ணாடியில் கழுத்தெலும்பு தெரிந்தால் விளக்கை அணைத்துவிடுகிறேன்.

இதைப் படிப்பவர்களில் என்னைப் போல யாரேனும் இருந்தால், ஒன்றுதான் சொல்வேன். காரணமில்லாமல் இளைத்தால், ஊர் வாழ்த்தினாலும் நீங்கள் பயப்படுங்கள். தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கமாகத்தான் இருக்கும்.

போன மாதம் மூன்றாவது முறையாகக் காட்டப் போனேன். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் மிஸ்ஸி (நர்ஸ்) எடை பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன்.

“நாலு கிலோ ஏறிருச்சு ஆன்டி” என்றார் அந்தப் பெண். “சோத்தக் கொறைக்கணும்.”

என்னால் அடக்க முடியவில்லை. அங்கேயே நின்று அழுதேன். பாவம், அவர் பதறிப்போய் டிஷ்யூவை நீட்டினார். “நான் சும்மாதான் சொன்னேன் ஆன்டி, வெக்கப்படாதீங்க. மெதுவா கொறைச்சிக்கலாம்” என்றார்.

உள்ளே டாக்டர் படுக்க வைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். எங்கேயும் கை நிற்கவில்லை. அடுத்த மூன்று மாதத்துக்கு இந்த உடம்பு என்னுடையது.