பூமி நடுங்கிய வருஷமும் மோதினாரின் குரலும்

பாங்கு சொல்லும் ஐந்து நேரங்களைத் தவிர வேறெந்த நேரத்தில் கச்சிமுகம்மதின் குரல் ஒலிபெருக்கியில் கேட்டாலும் மருதமுனைக் கடற்கரைப் பக்கத்தில் வேலை செய்கிற கைகள் அப்படியே நின்றுவிடும். மீன் வெட்டிக்கொண்டிருப்பவள் கத்தியைக் கீழே வைப்பாள். தறியில் ஓடிய நாடா பாதியில் நிற்கும். "யாரு மௌத்து?" என்று ஒரு வீட்டு வேலி அடுத்த வீட்டு வேலியைக் கேட்கும். முதலில் "இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்று, சாவுச் செய்திக்கு முன்னால் வரும் வசனத்தை அந்தக் குரல் இழுத்துச் சொல்லும். பிறகு பெயர். யாருடைய மகன், யாருடைய மனைவி, எந்தத் தெரு, எந்த ஒழுங்கை, எத்தனை மணிக்கு ஜனாஸா. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாராக இருந்த இருபத்தெட்டு வருடங்களில் தன்னைப் பெற்ற தாயின் மௌத்தைக்கூட அவரே குரல் உடையாமல் அறிவித்திருக்கிறார்.

ஒரேயொரு மௌத்தை மட்டும் அவர் அறிவிக்கவில்லை.

கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பள்ளியின் ஹவுள் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். வெளியே யாரோ கத்தினார்கள், "கடல் வருது!" என்று. வலை இழுக்கிறவர்களின் சண்டை என்றுதான் அவர் நினைத்தார். மைக் ஒரு கை எட்டும் தூரத்தில் இருந்தது. மின்சாரமும் இருந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டு முற்றத்தில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த ஏழு வயது மூத்த மகள் ஸுஹைறா மேற்கே ஓடியிருப்பாள். மனைவி சல்மா உம்மா மூன்று வயதான இளைய மகள் ஸம்றாவை மட்டும் மாமரத்துக் கிளையில் மாட்டிக் காப்பாற்றினாள். ஸுஹைறாவை மூன்றாம் நாள் கண்டெடுத்தார்கள். அறிவிக்க மைக்கும் இல்லை. கேட்க ஊரும் இல்லை.

இருபது வருடமாக அந்த ஒரு வார்த்தை அவருடைய தொண்டைக்குள் முள்ளாக நின்றது.

ஸம்றாவுக்கு இப்போது இருபத்து நான்கு. இந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிவருவார். பெற்றவர்கள் மெல்ல ஒதுங்கிக்கொள்வார்கள். சல்மா உம்மாவுக்குத் தாய்வழியாக வந்த காணி கடலோரத்துக் காணி. அதில், பழைய அத்திவாரத்தின் மேல் கலியாணத்துக்கென்றே எழுப்பிய வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மெயின் ரோட்டுக்கு மேற்கே சல்மா உம்மாவின் தங்கை வீட்டு அறையொன்றில் அவர்கள் இருவரும் இருந்துகொண்டார்கள். ஊர் வழக்கம் அது. ஆனால் அந்த வழக்கத்தின் கணக்கு எவ்வளவு கொடியது! வயதுபோன இரண்டு பேரும் மேட்டில். மிஞ்சிய ஒரே பிள்ளை அலையின் வாயில்.

மருமகன் பஸால் கடல் தொழிலாளி, சிரித்த முகம். காற்றும் மழையும் பார்க்கவென்று மாமனாரின் போனில் அவன்தான் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தான். அதே செயலி உலகத்தில் எங்கே பூமி நடுங்கினாலும் ஒரு சத்தம் போட்டுச் சொன்னது. காற்றும் மழையும் யாருக்கு வேண்டும்? மோதினார் நடுக்கத்தை மட்டும் பார்க்கத் தொடங்கினார்.

இரண்டாயிரத்து இருபத்தைந்தாம் ஆண்டு தை மாதமே அது சத்தம் போட்டது. திபெத்தில் நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள். மலைநாடு, கடலில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டார். றமழான் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு அவர் கை கால் கழுவி ஒளு எடுத்துக்கொண்டிருந்தபோது பர்மா குலுங்கியது. அங்கேயும் அது ஜும்ஆ நேரம். தொழ வந்தவர்களின் மேலேயே பள்ளிகள் இடிந்து விழுந்தன என்று பின்னேரம் செய்தி வந்தது. முறிந்து கிடந்த மினாராவின் படத்தை அவர் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பள்ளியில் காய்ச்சிய நோன்புக் கஞ்சியை ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்கு நடந்தார்.

"வாப்பா, கஞ்சிய இஞ்ச தாங்க. கடலப் பாத்துக்கு நிக்காதீங்க," என்றாள் ஸம்றா. அப்போது அவளுக்கு மூன்றாம் மாதம்.

"மகள், பர்மாவில பள்ளியெல்லாம் உழுந்திரிக்கி."

"ஓம், பாத்தன். பாவம்."

"புள்ள பெறுமட்டும் சின்னும்மாட ஊட்ட வந்து இரிங்களன்."

"அங்க ஒரு அறையில நீங்களும் உம்மாவும் இரிக்கீங்க. எங்கள எங்க வெக்கப் போறீங்க, கூரைக்கு மேலயா?"

பஸால் வலையைத் தைத்தபடியே சிரித்தான். "மாமா, பூமி நடுங்கினா உங்களுக்குத்தான் முதல் போன் கோல் வருது. அடுத்த முற எனக்கிட்டயும் குடுங்க, நானும் கதைக்கணும்."

ஸம்றா அவனுடைய தலையில் செல்லமாகக் குட்டினாள். கச்சிமுகம்மது சிரிக்கவில்லை. வெளியே கடல், உறங்குகிற மிருகத்தைப் போல மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

சித்திரையில் இஸ்தான்புல் ஆடியது. அங்கே யாரும் கட்டடம் விழுந்து நசுங்கவில்லை. பயத்தில் மாடியிலிருந்து குதித்தவர்கள்தான் நூற்றுக்கணக்கில் காயப்பட்டார்கள் என்று எழுதியிருந்தது. அந்த வரியை அவர் வாசித்தார். அதற்குள் தனக்கென்று ஒரு எச்சரிக்கை இருப்பது அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்?

ஜூலைக்கு ஊர் சொல்லும் ஆடி மாதம், முப்பதாம் திகதி. சுபஹுத் தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்துவிட்டார்கள். கிழக்கில் வெளிச்சம் கோடு போட்டிருந்தது. பாய்களைச் சரி செய்துகொண்டிருந்த மோதினாரின் சட்டைப் பையில் போன் அலறியது.

நடுக்கத்தின் அளவு எட்டு தசம் ஏழு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எட்டு தசம் எட்டாகியது. கீழே சிவப்பு எழுத்தில் சுனாமி எச்சரிக்கை. இடத்தின் பெயர் கம்சட்கா. அது ரஷ்யாவின் அந்தக் கோடிக் கரை, வேறொரு சமுத்திரம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரிந்தது. தரையிலிருந்து மேல்காற்று வீசும் கச்சான் காலத்துக் கடல் வெளியே சத்தமில்லாமல் கிடந்தது. அந்த மௌனம் அவருக்குக் கடல் உள்வாங்குகிற மௌனமாகக் கேட்டது.

கை மைக்கைத் தொட்டது. இருபது வருடத்து முள் அசைந்தது. இந்தத் தடவை சொல்லிவிடுவேன், யா அல்லாஹ், இந்தத் தடவை சொல்லிவிடுவேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தார்.

"இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்..."

அவர் நினைத்துச் சொல்லவில்லை. அந்த மைக்குக்கு முன்னால் அந்த நாக்கு பழகியிருந்த முதல் வார்த்தை அது. தவறு தெரிந்தபோது குரல் ஊருக்கு மேலே போய்விட்டது. பதறியடித்து, "கடல்! கடல் வருது! மேற்கால ஓடுங்க!" என்று கத்தினார்.

ஊர் அதை எப்படிக் கேட்டது தெரியுமா? மௌத்து அறிவித்தல், அதன் பின்னால் கடல். அப்படியென்றால் கடல் ஏற்கெனவே ஆட்களைக் கொண்டுபோய்விட்டது! ஒழுங்கைகள் அலறின. மோட்டார் சைக்கிளில் நான்கு பேர், ஐந்து பேர். கட்டிலில் கிடந்த வயதானவர்களைப் பாயோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

கச்சிமுகம்மது மட்டும் எதிர்த்திசையில் ஓடினார். மகளின் வீடு திறந்து கிடந்தது. அடுப்பில் தேத்தண்ணிக் கேத்தல் கொதித்து வழிந்துகொண்டிருந்தது. மேற்கே போகிற ஒழுங்கையில் அவளைக் காணவில்லை. "ஸம்றா! மகள்!"

அவள் கிடந்தது கடற்கரையில்.

கரைக்கு இழுத்திருந்த ஒரு வள்ளத்தின் கட்டையில் இடறி, குப்புற விழுந்து கிடந்தாள். மணலில் இரத்தம். ஏழு மாத வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் கடல் குளத்துத் தண்ணீரைப் போல அசையாமல் கிடந்தது.

"வாப்பா... யாரு மௌத்து? அவரா?"

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. பஸால் முதல் நாள் பின்னேரமே கடலுக்குப் போயிருந்தான். தகப்பனின் வாயால் மௌத்து வார்த்தை வந்து, அடுத்த வார்த்தை கடல் என்று விழுந்ததும் அவள் பின்வார்த்தை எதையும் கேட்கவில்லை. எல்லோரும் கடலை விட்டு ஓட, வயிற்றுப் பிள்ளைக்காரி புருஷனைத் தேடிக் கடலை நோக்கி ஓடியிருக்கிறாள். காப்பாற்ற நினைத்த குரல் அவளை எங்கே அனுப்பியிருக்கிறது!

ஒன்றும் வரவில்லை. இந்தச் சமுத்திரத்துக்கு ஆபத்து எதுவுமில்லை என்று காலைச் செய்தி சொன்னது. பஸால் மீனோடு கரைக்கு வந்தபோது வாங்க ஒரு ஆளில்லை, ஊரே இல்லை. கரையில் ஒற்றைச் செருப்புகள் மட்டும் கிடந்தன.

அன்று நடுப்பகல் லுஹருக்கு முன்னால் ஸம்றாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு மாதம் முந்தி வந்த பிள்ளை. ஒரு கோழிக்குஞ்சின் கனம்கூட இல்லை. கல்முனை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். முப்பத்தொரு நாள் அது மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே ஊசலாடியது. வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்த கச்சிமுகம்மதிடம் யாரும் கதைக்கவில்லை. சல்மா உம்மா ஒரே ஒரு தரம் கிட்ட வந்தாள். "ஒரு புள்ளைய நீங்க வாயத் திறக்காமக் குடுத்தீங்க. மத்தவளையும் வாயத் திறந்து குடுக்கப் பாத்தீங்களே!" என்றாள். சொன்ன வாயை உடனேயே முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதாள். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

பள்ளித் தலைவர் ஜவாத் ஹாஜியார் கூட்டம் போட்டார். நல்ல மனிதர், முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். "மோதினார், பாங்கு நீங்களே சொல்லுங்க. மத்த அறிவித்தல் வேற ஆள் சொல்லட்டும். சனம் உங்கட குரலுக்குப் பயந்து போய் இரிக்கி."

பயம் நீண்ட நாள் நிற்கவில்லை. அது பகிடியாக மாறியது, அதுதான் மோசம். "மோதினார், இண்டைக்கி கடல் எத்தின மணிக்கி?" என்று சந்தையில் கேட்டார்கள். ஆவணி முடிகிற இரவில் ஆப்கானிஸ்தானில் மலைக் கிராமங்கள் உறக்கத்திலேயே புதைந்தன. காலையில் போனைப் பார்த்தவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரம் ஸம்றா பிள்ளையோடு கடலோர வீட்டுக்கே திரும்பினாள். தகப்பன் வாசலில் நின்றபோது பிள்ளையைக் காட்டினாள்; கதைக்கவில்லை.

ஐப்பசி தொடக்கத்தில் பிலிப்பைன்ஸ் பத்து நாளுக்குள் இரண்டு தடவை குலுங்கியது. இரண்டாவது நடுக்கம் ஒரு வெள்ளிக்கிழமைக் காலை. ஏழு தசம் நாலு, சுனாமி எச்சரிக்கை. அவர் மெயின் ரோட்டுத் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை அந்தக் கடல் வேறு என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அவருடைய வாய் தானாகச் சொன்னது, "சப்ரி, சுனாமி எச்சரிக்கை போட்டிரிக்கான்."

கடைக்கார சப்ரி தலையை நிமிர்த்தவே இல்லை. "சீனி போடவா மோதினார்?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்கக்கூட இல்லை. ஒருவர் பேப்பரின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

அந்தப் பக்கம் புரண்ட சத்தத்தில் கச்சிமுகம்மதுக்கு ஒன்று தெளிவாகியது. நாளைக்கே உண்மையான கடல் எழுந்து வந்து, அவர் உண்மையான வார்த்தையைக் கத்தினாலும் இந்த ஊரில் ஒரு கால்கூட அசையாது. சீனி போடவா என்று கேட்பார்கள். மகளும் அசையமாட்டாள். குரல் செத்துப்போய்விட்டது. அந்த மௌத்தை அறிவிக்கவும் ஆளில்லை.

ஜும்ஆ முடிந்ததும் ஒரு பாயையும் இரண்டு சாரனையும் சுருட்டிக்கொண்டு அவர் மகள் வீட்டுக்குப் போனார். இருபது வருடமாக அந்தக் கடலின் பக்கத்தில் ஒரு நாளும் அவர் தலை சாய்த்ததில்லை.

"இதென்ன வாப்பா, பாயோட?" மாதக்கணக்கில் மகள் அவரிடம் கேட்ட முதல் கேள்வி.

"நான் கதைச்சா இனி ஒருத்தரும் ஓடமாட்டாங்க மகள். நீங்களும் ஓடமாட்டீங்க. அப்ப நான் கிட்ட இரிக்கணும். கையால தூக்கத்தான் இனி ஏலும்."

சேலையில் கட்டிய ஏணைக்குள் பிள்ளை சிணுங்கியது. ஸம்றா அதை ஆட்டிவிட்டு, கடல் பக்கத்துக் கதவோரத்தில் கிடந்த வலைகளைத் தள்ளிவிட்டு, பாய் விரிக்க இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

அன்று தொட்டு பின்னேர அஸர் தொழுகை முடிந்ததும் மோதினார் பேத்தியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கடலோர வாசலில் இருந்து மெயின் ரோட்டுக்கு வேகவேகமாக நடப்பார். திரும்பி வருவார். மூச்சு வாங்கும். மறுபடி நடப்பார். பேத்தி மேல் மோதினாருக்கு என்ன ஆசை என்று ஒழுங்கைப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். பஸால்கூட, "மாமா, புள்ளைக்கி ஊர் காட்டுறீங்களா?" என்று கேட்டான்.

மார்கழியில் ஜப்பான் குலுங்கிய செய்தி வந்தது. மறுநாள் பின்னேரம் வானம் ஈயமாய்க் கறுத்திருந்தது. வாடைக் காற்றில் கடல் பல்லைக் காட்டியது. அலை வேலி வரைக்கும் நக்கிவிட்டுப் போனது. கச்சிமுகம்மது பிள்ளையோடு போய்த் திரும்பி, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைத்தார். பிள்ளையின் கனம் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. அவருக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது.

ஸம்றா பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அவளுடைய கண் சுவர் மணிக்கூட்டில் இருந்தது.

"நேத்தையவிட ரெண்டு நிமிஷம் சுணங்கிட்டீங்க வாப்பா," என்றாள் மெதுவாக. "இன்னொருக்கா போய்ட்டு வாங்க."