மேடத்தின் முதல் பிரசவமும் ஒரு மைப்பொட்டும்

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் வீட்டில் பிரசவம் நடந்தது.

வாழ்த்துச் சொல்ல அவசரப்பட வேண்டாம். எனக்கும் என் மனைவி சரோஜாவுக்கும் அந்த வயதெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. பெற்றவள் மேடம். மேடம் என்றால் பூனை. செமிலிங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு மழை நாளில் நனைந்துகொண்டு வந்தாள். மாற்றலாகி வந்த தலைமையாசிரியை போல அறை அறையாக நடந்து பார்த்தாள். சோபாவைச் சோதனை போட்டாள். பிறகு போகவே இல்லை. வேறு என்ன பெயர் வைப்பது?

பிரசவம் எங்கே, எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு என்னிடம் முழுத் திட்டம் தயாராக இருந்தது. நான் சுகாதார இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு சாக்கடை மூடியைத் திறப்பதற்கே வழிமுறை வைத்திருந்தவன், பிரசவத்தைச் சும்மா விடுவேனா? ஸ்டோர் ரூமில் அகலமான அட்டைப் பெட்டி. உள்ளே சுத்தமான துண்டு. ஏறி இறங்க வசதியாக முன்பக்கத்தில் தாழ்வாக வெட்டிய வாசல். மேடம் அதை ஒரு சுற்றுச் சுற்றினாள். முகர்ந்தாள். போய்விட்டாள்.

அவள் தேர்ந்தெடுத்த வார்டு — என் துணி அலமாரியின் அடித்தட்டு. அங்கேதான் என் பாத்தேக் சட்டைகள் கிடந்தன. எங்கள் நாட்டு அரசாங்க ஊழியர்கள் வியாழக்கிழமை தவறாமல் போட்டுக்கொண்டு போவார்களே, அந்தப் பூப்போட்ட சட்டைகள். ஓய்வு பெற்ற பிறகு அவற்றுக்கும் வேலையில்லை, எனக்கும் வேலையில்லை.

"என்னங்க... ஓடியாங்க! மேடம் ஒங்க சட்டை மேல என்னமோ பண்ணுது!"

ஓடினேன். முழங்கால் வலி எங்கே போனது என்று தெரியவில்லை. முதல் குட்டி வந்திருந்தது. மேடம் என்ன செய்தாள் தெரியுமா? திரும்பிப் பார்த்தாள். 'இதை இங்கே யார் வைத்தது?' என்பது போல ஒரு பார்வை. அப்புறம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து தன் முன்காலை நக்க ஆரம்பித்துவிட்டாள்! குட்டியோ மெல்லிய சவ்வுப் பைக்குள் அசையாமல் கிடந்தது.

முதல் பிரசவம். பாவம், அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? தாய் அந்தப் பையைக் கிழிக்காவிட்டால் நாம் உடனே கிழிக்க வேண்டும். இல்லாவிட்டால் குட்டியால் மூச்சு விட முடியாது. இது எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்திருப்பதும் செய்வதும் ஒன்றா? முகத்துப் பக்கம் சவ்வை விலக்கினேன். மூக்கைத் துடைத்தேன். துண்டால் முதுகைத் தேய்த்தேன். ஒன்றுமில்லை. இன்னும் தேய்த்தேன்...

"மியீ."

ஊசி முனை அளவுச் சத்தம். சரோஜா கைதட்டினாள். நானும்... சரி, மறைப்பானேன், நானும்தான் தட்டினேன். குட்டியை மேடத்தின் மூக்கருகே வைத்தோம். முகர்ந்தாள். ஒரு நக்கு. இன்னொரு நக்கு. அதன் பிறகு நிறுத்தவே இல்லை. அடுத்து வந்த இரண்டையும் அவளே பார்த்துக்கொண்டாள். முதலாவது சுத்தக் கறுப்பு, இருப்பதிலேயே சிறிசு. மற்ற இரண்டும் மஞ்சள்.

பக்கத்து வீட்டுக் கமலா கையில் கிண்ணத்தோடு வந்துவிட்டாள்.

"அண்ணே, பூண்டுக் கொழம்பு. புள்ள பெத்தவளுக்கு இதக் குடுத்தாத்தான் பால் ஊறும்."

"பூனைக்குப் பூண்டு ஆகாது, கமலா."

"அப்ப நீங்க சாப்புடுங்க லா. ஒங்க மூஞ்சியப் பாத்தாலும் பெத்தவரு மாதிரிதான் இருக்கு."

சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. மேடத்துக்கு, கடலோரத் தஞ்சோங் டாவாயில் வாங்கி வந்த கெம்போங் மீனை உப்பில்லாமல் அவித்து, முள்ளெடுத்துக் கொடுத்தோம்.

கமலாவுக்குப் பின்னால் எங்கள் தாமான் குடியிருப்பே திரண்டு வந்தது. அலமாரிக்கு முன்னால் கூட்டம். "அலாமாக், எவ்ளோ அழகு!" "மூக்கப் பாரு, ரோஸ் கலரு!" தூக்கிக் கொஞ்சாதவர்கள் கிடையாது. மேடம் எல்லோரையும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

மறுநாள் காலை மேடம் சமையலறையில் மீன் சாப்பிடப் போன நேரம். இத்தனை பேர் வந்து போன இடம் ஆயிற்றே என்று, கறை பட்ட சட்டையை அழுக்குக் கூடையில் போட்டுவிட்டு, அலமாரித் தட்டைக் கிருமிநாசினி ஊற்றித் துடைத்தேன். சுத்தமான துண்டும் விரித்தேன். சரோஜாவின் கவலை வேறு.

"வந்தவங்க கண்ணு எல்லாம் ஒரே மாதிரியாவா இருக்கும்?"

எங்கள் குடும்பங்களில் எந்தப் பச்சைக் குழந்தைக்கும் நடப்பதுதான் நடந்தது. மூன்று குட்டிகளுக்கும் உடம்பெல்லாம் பவுடர். நெற்றியில் மைப்பொட்டு.

"கறுப்புக் குட்டிக்கு எதுக்கு மைப்பொட்டு? யாருக்குத் தெரியப்போகுது?"

"கண்ணு வக்கிறவங்களுக்குத் தெரியும்."

நான் சிரித்தேன். படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். தடுத்திருக்க வேண்டாமா?

மேடம் திரும்பி வந்தாள். குனிந்து முகர்ந்தாள். காதுகள் பின்னால் மடங்கின. தான் பெற்ற பிள்ளைகளைப் பார்த்தே சீறினாள்! ஒரே தாவல் — ஜன்னல் வழியாக வெளியேறி மதில் மேல் போய் உட்கார்ந்துகொண்டாள். கூப்பிட்டோம். மீனைக் காட்டினோம். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உள்ளே குட்டிகள் கத்தின. மஞ்சள் இரண்டுக்கும் குரல் இருந்தது. கறுப்புக்கு வாய் மட்டும்தான் திறந்து திறந்து மூடியது. தாயின் சூடும் பாலும் இல்லாமல் அந்த உடம்பு எவ்வளவு நேரம் தாங்கும்?

"ஒங்க தண்ணிதான்! ஆஸ்பத்திரி மாதிரி நாறுது. மனுசனுக்கே கொமட்டுது."

"உன் பவுடர் மட்டும் என்ன? கல்யாண மண்டபம் மாதிரி மணக்குது. பிள்ளை எதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

வழக்கு முடியவில்லை. ஆனால் சரோஜாவின் கண் கலங்கியதும் நான் வாதத்தை நிறுத்திக்கொண்டேன். இரண்டு பேருமே குட்டிகளின் வாசனையை அழித்திருந்தோம். அதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான்.

வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து பவுடரையும் மையையும் துடைத்தோம். சட்டென்று ஈரம் போக ஒற்றினோம். சுடுநீர்ப் போத்தலைத் துண்டில் சுற்றி அணைப்புக் கொடுத்தோம். அலமாரிக்குள் இனி வைக்க முடியாது, மூக்கு எரிந்தது. என் அட்டைப் பெட்டிதான் மிச்சம். ஆனால் மேடத்தின் வாசனைக்கு எங்கே போவது?

"சட்டை!" என்றாள் சரோஜா.

மேடம் குட்டி போட்ட அந்த பாத்தேக் சட்டை கூடையில் இன்னும் துவைக்காமல் கிடந்தது. வீட்டில் அழுக்குத்துணி சேர்ந்து கிடப்பதற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றுதான். அதைப் பெட்டியில் விரித்து, குட்டிகளை அதிலேயே மெதுவாகப் புரட்டி எடுத்துப் படுக்கவைத்தோம். கதவைத் திறந்து வைத்துவிட்டு வெளியேறினோம்.

அடுத்த வழிமுறைதான் கடினமானது. சும்மா இருப்பது.

ஸ்டோர் ரூம் ஜன்னலுக்கு வெளியே, கண்ணாடிப் பட்டைகளின் இடுக்கில் ஆளுக்கு ஒரு கண்ணை வைத்துக்கொண்டு நின்றோம். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கமலா எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, சொந்த வூட்டுலயே திருடப் போறீங்களா?"

"உஷ்ஷ்!"

மதிலில் மேடத்தைக் காணோம். எங்கே போனாள்? போயே போய்விட்டாளா? சரோஜா என் முழங்கையை அழுத்திப் பிடித்தாள். நகம் பதிந்தது.

கதவிடுக்கில் ஒரு மூக்கு.

உள்ளே வந்தாள். பெட்டியைச் சுற்றினாள். சட்டையை முகர்ந்தாள்... நின்றாள்... கறுப்புக் குட்டியை முகர்ந்தாள். நெற்றியில், பொட்டு இருந்த அதே இடத்தில், ஒரு நக்கு. நான் வெட்டி வைத்த வாசல் வழியாக முறைப்படி ஏறிப் படுத்துக்கொண்டாள். கறுப்புக் குட்டி தலையால் முட்டி முட்டித் தேடியது. பிடித்துக்கொண்டது!

"குடிக்குது! கமலா, குடிக்குதுடீ!"

சரோஜாவின் சத்தத்தில் மதிலுக்கு அந்தப் பக்கம் கோழிகள் பறந்தன. மேடம் மட்டும் அசையவில்லை.

பெற்றவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பவர்கள்தான் எங்களைப் போல உதவி செய்ய வந்து நிற்கிறார்கள். உங்கள் வீட்டில் பூனை இல்லாவிட்டாலும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். பொருந்தாதா?

இப்போது ஸ்டோர் ரூமுக்குள் பார்வையாளர் யாருக்கும் அனுமதியில்லை. கறுப்புக் குட்டிக்கு வயிறு உருண்டுவிட்டது. சரோஜா குட்டிகளைத் தொடுவதில்லை. ஆனால் அட்டைப் பெட்டியின் முன்பக்கத்தில் பெரிதாக ஒரு மைப்பொட்டு வைத்திருக்கிறாள். அறிவியலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அவளிடம் விளக்கமாகச் சொல்லியிருக்கிறேன்.

நேற்றுக் காலை பார்த்தபோது பொட்டு லேசாக அழிந்திருந்தது. சரோஜா காய்கறி வாங்கப் பசாருக்குப் போயிருந்தாள். மை டப்பா எங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரியும்.