பொற்றாமரைக் குளத்தில் ஜெயித்த கரடி

டைனோசர் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு சனிக்கிழமை. அப்பா அறிவியல் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் கிழிந்துபோன படங்களைச் சுருட்டி, சைக்கிள் கேரியரில் வைத்துக் காளவாசலில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, மைதாப் பசையும் பழைய வேட்டித் துணியும் வைத்து ஒட்டிக் காயப்போடுவார். அப்படிக் கூடத்தில் காய்ந்துகொண்டிருந்த ஒரு படத்தில்தான் அது நின்றது. வாய் நிறையப் பல், வீட்டு உயரம். கை மட்டும், படைத்தவன் மறந்துபோய்க் கடைசியில் ஒட்டவைத்ததுபோல இத்துனூண்டு.

"உலகத்துலயே பெரிய சண்டியர் இதுதான்டி" என்றான் அண்ணன். எனக்கு எட்டு வயது, அவனுக்குப் பதினொன்று. அவன் எதைச் சொன்னாலும் மறுப்பது என் அன்றாட வேலை. "கரடிகிட்ட நிக்குமா இது?" என்றேன்.

கரடி என் சொத்து. அதற்குக் காரணம் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா. பேரையூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் பருத்தி போட்டிருந்தார். ஒருமுறை ஓடிப்போன காளையைத் தேடிப் போனவரை, இலந்தைப் புதருக்குள் பழம் தின்றுகொண்டிருந்த கரடி ஒன்று பிடித்துக்கொண்டது. இடது கையை முழங்கை வரை உழுதே விட்டது. அந்தக் கையில் இரண்டு விரல் மடங்காது. மற்றபடி வண்டி ஓட்டுவார், மூட்டை தூக்குவார், எங்கள் இரண்டு பேரையும் ஆளுக்கொரு தோளில் சுமப்பார். அம்புட்டு பலசாலியையே கடித்த கரடி, மூக்கைச் சொறியக்கூடக் கை எட்டாத ஒரு பல்லியிடமா தோற்கும்? அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. உயரத்தையே பிடித்துக்கொண்டு நின்றான்.

பெரியவர்களுக்கு அந்த வாரம் வேறு கவலை. மாமாவுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. பார்த்த இரண்டு இடமும் கையைப் பார்த்ததும் நழுவிவிட்டன. மூன்றாவதாகத் திருமங்கலத்தில் ஒரு பெண். எங்கள் பக்கத்தில் முதல் பார்வை மீனாட்சியம்மன் கோயிலில்தான். இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்தித்ததுபோலப் பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசும். பிடித்திருந்தால் பெண் வீட்டார் "ஒருநா வீட்டுக்கு வாங்க" என்பார்கள். பிடிக்காவிட்டால் "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று எழுந்துவிடுவார்கள். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

சித்திரை வெயிலில் மாமாவுக்கு முழுக்கைச் சட்டை மாட்டிவிட்டாள் அம்மா. பேச்சு கொஞ்சம் நெருங்கி வந்ததும் கையைப் பற்றிப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. மாமாவுக்கு இதில் இஷ்டமில்லை. ஆனால் அக்காவை எதிர்த்துப் பேசிப் பழக்கமும் இல்லை. எங்களுக்குத் தனி உத்தரவு வந்தது. "அங்க வந்து கரடி கிரடின்னு வாயத் தொறந்தீங்க, தோலை உரிச்சுருவேன்."

அரைமணி நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதுவே என் சக்திக்கு அதிகம். பெண் தன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் மெல்ல என் காதருகில் குனிந்தான். "டைனோசர் ஒரே மிதி. கரடி சட்னி."

நான் எழுந்து நின்று கத்தினேன். "எங்க மாமாவையே கடிச்ச கரடி! உன் பல்லியச் சும்மா விட்ருமா? காட்டு மாமா, கையைக் காட்டு!" கத்தியதோடு நிற்காமல் சட்டைக் கையைப் பிடித்து மேலே இழுத்தும் விட்டேன். பட்டன் தெறித்துப் படிப்படியாக உருண்டு தண்ணீரில் விழுந்தது.

பெண்ணின் அம்மா அந்தக் கையைப் பார்த்தார், பிறகு கணவரைப் பார்த்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சுல்ல?" என்றார். மாமா சட்டைக் கையை இறக்கிவிட்டார். பட்டன் இல்லாமல் அது விரிந்துகொண்டே நின்றது. மாமா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"பெறகு கரடி என்னாச்சு?"

கேட்டது அந்தப் பெண். மாமாவைப் பார்த்தே கேட்டாள்.

"அது ஒரு பக்கம் ஓடிருச்சு. நான் ஒரு பக்கம் ஓடிட்டேன்" என்றார் மாமா.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மாமா கரடியைக் கொன்றுவிட்டதாக நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். மானம் போயிற்று. பிறகு அவள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து என்ன சண்டை என்று விசாரித்தாள். நான் சொன்னேன். அண்ணன் கையை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு டைனோசராக நடந்தே காட்டினான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மாமாவின் கையை இன்னொரு முறை பார்த்தாள்.

"கரடிதான் ஜெயிக்கும்."

"டைனோசர் வீடு உசரம்க்கா!" என்று அண்ணன் பதறினான்.

"இருக்கட்டும். எனக்குக் கரடிதான்" என்றவள், தன் அப்பாவிடம் திரும்பினாள். "அடுத்த பஸ்ஸுல போவோம்ப்பா."

அவர் கொஞ்ச நேரம் மறுபடியும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு, எங்கள் அப்பாவைப் பார்த்து, ஒருநாள் எல்லோரும் வீட்டுக்கு வரவேண்டும் என்றார். திரும்பும்போது மாமா இரண்டு சட்டைக் கையையும் முழங்கைக்கு மேலே மடித்துவிட்டுக்கொண்டு நடந்தார். அம்மா என் தோலை உரிக்கவில்லை, ஒரு முழம் மல்லிகை வாங்கித் தலையில் வைத்துவிட்டாள். கரடி ஜெயித்ததற்கு அம்மாவுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கே ஆச்சரியம். நியாயமாகச் சண்டை போட்டு ஜெயித்த பெருமையில் வீடு வரை அண்ணனை நான் திரும்பியே பார்க்கவில்லை.

கல்யாணம் முடிந்து, அடுத்த வருஷம் முழுப்பரீட்சை லீவுக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது அத்தையிடம் கேட்டேன், கரடியை எங்கே பார்த்தாள் என்று.

"நான் எங்கடி கரடியப் பாத்தேன்?"

"அப்ப டைனோசர்?"

"அதுவும் பாத்ததில்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பெறகு எப்படி அத்தே கரடி ஜெயிக்கும்னு சொன்னீங்க?"

அத்தை, சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமாவின் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள். மாமா தலைகுனிந்து சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். இரண்டில் ஒன்றைக்கூடப் பார்க்காத ஒருத்தி சொன்ன தீர்ப்பு செல்லாது. இது அண்ணனுக்குத் தெரிந்தால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவான். அந்தப் பயத்திலேயே நான் அதை வெகுகாலம் அவனிடம் சொல்லவில்லை.