ஊர்த்தெருவில் அத்தையின் மொபெட்

அத்தை மொபெட் வாங்கியபோது நான் மூன்றாம் வகுப்பு. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. காந்திபுரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். பெரியநாயக்கன்பாளையத்தைத் தாண்டி உள்ளே இருந்த எங்கள் ஊருக்கு எப்போதும் டவுன் பஸ்ஸில்தான் வருவாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சிவப்பு மொபெட்டில் வந்து இறங்கினாள்.

எங்கள் காலனிக்கு ஊர்த்தெரு வழியாகத்தான் வர வேண்டும். அந்தத் தெருவில் காலனி ஆட்கள் சைக்கிளைக்கூடத் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். கல் குத்தி டயர் பஞ்சராகிவிடும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தை இறங்காமல் ஓட்டி வந்திருந்தாள்.

சாயங்காலமே ஊருக்குள்ளிருந்து இரண்டு பேர் வந்துவிட்டார்கள். அப்பா தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"உன்ற தங்கச்சிக்கு எறங்கி நடக்கக் காலில்லையாப்பா?" என்று ஒருவர் சிரித்தார்.

"தெரியாம ஓட்டிப்போட்டாளுங்க. இனித் தள்ளிட்டுப் போவாளுங்க."

அவர்கள் போனதும் அத்தை சொன்னாள்: "ஆஸ்பத்திரில அவிக ஊட்டாளுகளுக்கும் நான்தானுங்ணா ஊசி போடறேன். அங்க யாரும் என்னைய எட்டி நில்லுங்கறதில்ல."

அப்பா துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். அம்மாதான், "நீ போயிருவ அம்மிணி, நாங்க இங்கதான இருக்கோணும்" என்றாள்.

காலையில் மெயின் ரோட்டுப் பள்ளிக்கூடத்தில் என்னை விட்டுவிட்டுப் போவதாக அத்தை கிளம்பினாள். அப்பா கூடவே நடந்து வந்தார். தெருமுனையில் அத்தை வண்டியை நிறுத்தினாள்.

"தள்ளோணுமாங்ணா?"

நேற்றுச் சிரித்தவர் தன் வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். அப்பா அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "கண்ணு, முன்னால நவுந்து உக்காரு" என்று சொல்லி எனக்குப் பின்னால் ஏறிக்கொண்டார்.

மூன்று பேரைச் சுமந்த வண்டி முனகிக்கொண்டே மெதுவாகப் போனது. கட்டிலில் இருந்தவர் எழுந்து நின்றார். என் முதுகில் அப்பாவின் நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது. மெயின் ரோடு வந்ததும் அப்பா இறங்கிக்கொண்டார்.

அதற்கப்புறம் வெகுநாள் அப்பாவை ஊர்க்காரர்கள் யாரும் தங்கள் தோட்டத்து வேலைக்குக் கூப்பிடவில்லை. வீட்டிலேயே இருந்தார். தினமும் கையைப் பிடித்து என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். எங்கள் அப்பாவுக்கு மட்டும் இவ்வளவு பெரிய லீவு விட்டிருக்கிறார்கள் என்று வகுப்பில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.